கல்லூரி விண்ணப்பத்துக்கு இசைப் பதிவு: அரங்கேற்ற வீடியோவா, போனா, ரெக்கார்டரா, ஸ்டுடியோவா?

செப்டம்பர் பிறந்ததும் அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளிலிருந்து இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். "பத்து வருஷமா பாடுறா. காலேஜ் அப்ளிகேஷனோட ஒரு ரெக்கார்டிங் அனுப்பலாம்னு இருக்கோம். ஸ்டுடியோ புக் பண்ணிடலாமா, இல்ல அரங்கேற்ற வீடியோவே போதுமா?" கேட்பது பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான். பாடுகிற பிள்ளை பக்கத்து அறையில் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். எதில் பதிவு செய்வது என்று யோசிக்கும் முன், அதை யார் கேட்கப்போகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

கேட்பவர் யார்? இதில் மூன்று வழிகள் இருக்கின்றன. பிள்ளை பொறியியலோ உயிரியலோ படிக்கப் போகிறது, இசை கூடுதல் திறமை என்றால், அனுப்புவது விருப்பச் சப்ளிமெண்ட், அதாவது கட்டாயமில்லாத கூடுதல் இணைப்பு. பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்துக்கு வெளியே, பெரும்பாலும் கோப்புகளை ஏற்றும் ஸ்லைட்ரூம் தளம் வழியாகவோ கல்லூரியின் சொந்தப் பக்கம் வழியாகவோ போகும். பல இடங்களில் அட்மிஷன் ஆபீஸ் அதை இசைத்துறை ஆசிரியர் ஒருவருக்கு அனுப்பும். அவர் கேட்டுவிட்டு ஒரு மதிப்பெண்ணோ இரண்டு வரிக் குறிப்போ எழுதித் தருவார். இசையையே மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக எடுத்துக் கன்சர்வேட்டரி என்னும் இசைக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்குக் கதை வேறு. அங்கே பதிவு என்பது ப்ரீஸ்க்ரீன், அதாவது முதல் சல்லடை. அதில் தேறினால்தான் நேரடி ஆடிஷனுக்குக் கூப்பிடுவார்கள். மூன்றாவது வழி இரட்டைப் பட்டம், அதாவது கல்லூரிப் பட்டமும் இசைப் பட்டமும் சேர்த்து. ஹார்வர்டும் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியும் சேர்ந்து நடத்துவது, ஓபர்லினின் ஐந்து வருடப் படிப்பு போன்றவை இந்த வகை. இதில் கல்லூரி, கன்சர்வேட்டரி என இரண்டு பக்கமும் தேற வேண்டும்.

விதி என்ன? எத்தனை நிமிடம், ஆடியோவா வீடியோவா, நடுவில் வெட்டலாமா, பக்கவாத்தியம் வேண்டுமா என்பதெல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ப்ரீஸ்க்ரீனில் பொதுவாக ஓர் உருப்படி தொடங்கினால் முடியும் வரை வெட்டு இருக்கக் கூடாது. உருப்படிகளுக்கு நடுவே நிறுத்திக்கொள்ளலாம்.

எத்தனை முறை எடுக்க முடியும்? கச்சேரிப் பதிவு, போன், ரெக்கார்டர், ஸ்டுடியோ என்ற நான்குக்கும் உண்மையான வித்தியாசம் இங்கேதான். முதல் டேக்கிலேயே உயிரோடு பாடுகிற பிள்ளைகள் உண்டு. ஏழாவது டேக்கில்தான் தோள் இறங்குகிற பிள்ளைகளும் உண்டு.

செலவு. பணத்தோடு நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கட்டுரை எழுத வேண்டிய அக்டோபர் வார இறுதிகளைத்தான் இது தின்னும்.

ஒலியின் தரத்தைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கேட்கிற ஆசிரியர் அநேகமாக ஒரு சாதாரண ஹெட்போனை மாட்டிக்கொண்டு வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவார். மாணவர் பதிவுகளைக் கேட்டுப் பழகிய காது அது. சுருதி சேர்ந்திருக்கிறதா, லயம் நிற்கிறதா, ஒரு வரியை எங்கே எழுப்பி எங்கே அடக்குகிறார் என்றுதான் பார்க்கும். பதிவு சுமாராக இருந்தால் மன்னித்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பதிவே இந்த விஷயங்களை மறைத்துவிட்டால் அவர்கள் கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது. ஒலித் தரத்தில் நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்.

## அனுப்பாமல் விடுவது

இதையும் ஒரு வழியாகவே சொல்கிறேன், ஏனென்றால் பல வீடுகளில் இதுதான் சரியான வழி.

காமன் ஆப்பில் செயல்பாடுகளுக்குப் பத்து இடம் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள் தருவார்கள். பத்து வருடப் பயிற்சி, பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் வரிசை, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது எல்லாம் அங்கேயே பேசிவிடும். பதிவு அனுப்பினால் அந்த வரிக்கு ஒரு சாட்சி சேர்கிறது. சாட்சி வலுவாக இருந்தால் நல்லது. "நன்றாக, ஒழுங்காக வாசிக்கிறார்" என்ற அளவில் நின்றால், தாளில் பெரிதாகத் தெரிந்த ஒன்று காதில் சின்னதாகிவிடும். தனித்துத் தெரியும் திறமை இருந்தால் மட்டும் அனுப்புங்கள் என்று பல கல்லூரிகள் வெளிப்படையாகவே எழுதியிருக்கின்றன.

சில இடங்களில் கதவே கிடையாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களுக்கான பொது விண்ணப்பத்தில் இசைப் பதிவைச் சேர்க்க இடம் இல்லை. இசைத்துறையில் சேர விரும்பி, அந்தத் துறை கேட்டால்தான் தனியாக அனுப்ப வேண்டும். கேட்காத இடத்துக்கு மெயிலில் லிங்க் அனுப்புவது வேண்டாம்.

அனுப்பலாமா என்று யாரைக் கேட்பது? சொந்த குருவைக் கேட்காதீர்கள். அவர் அந்தப் பிள்ளையின் ஏழு வயதுக் குரலையும் சேர்த்தே கேட்பார். பிள்ளையைத் தெரியாத வேறொரு ஆசிரியருக்கு, யார் என்று சொல்லாமல், மூன்று நிமிடம் போட்டுக் காட்டுங்கள். "யாரு இது?" என்று அவராகவே கேட்டால் அனுப்பலாம். "பரவாயில்லை, நல்லா இருக்கு" என்றால் அந்த வார இறுதிகளைக் கட்டுரைக்குக் கொடுப்பது லாபம்.

## ஏற்கெனவே இருக்கும் கச்சேரிப் பதிவு

செலவே இல்லை, புதிதாக உட்கார வேண்டியதில்லை, மேடையின் சூடு இருக்கும். ஆசை வருவது இயல்புதான்.

சிக்கல் எங்கே என்றால், அது கேட்பவருக்காக எடுத்த பதிவு அல்ல. நினைவுக்காக எடுத்தது. வீடியோக்காரர் பாதி நேரம் முதல் வரிசைப் பட்டுப்புடவைகளைக் காட்டியிருப்பார். கேமரா மைக்கில் பிடித்த ஒலியில் இருமலும், பின்வரிசைக் குழந்தையும், பாத்திரம் நகரும் சத்தமும் இருக்கும். ஒலிபெருக்கி மிக்சரிலிருந்து நேராக எடுத்த பதிவு இதைவிட நல்லது என்று நினைப்போம். சின்ன ஹாலில் அதுவும் ஏமாற்றும். மிருதங்கம் இயல்பாகவே ஹாலை நிரப்பிவிடும் என்று அதன் மைக்கைக் குறைத்து வைத்திருப்பார்கள். ஹாலில் சரியாகக் கேட்டது, மிக்சர் பதிவில் வாய்ப்பாட்டு மட்டும் முகத்தில் அடிக்க, தாளவாத்தியம் பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல் வரும்.

நேரம் இன்னொரு சிக்கல். சப்ளிமெண்டுகள் பெரும்பாலும் பத்து நிமிடத்தை ஒட்டியே முடிந்துவிடும். ஆலாபனை, கீர்த்தனை, நிரவல், கல்பனாஸ்வரம் என்று போகும் ஒரு பிரதான உருப்படி அரை மணி நேரம். அதில் எங்கே வெட்டினாலும் ரத்தம் வரும். அதோடு, கேட்பவருக்குக் கர்நாடக இசை தெரிந்திருக்கும் என்று எண்ணிவிட முடியாது. கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகம் விதிவிலக்கு. 1963-இல் டி. ரங்கநாதன் அங்கே மிருதங்கம் கற்பிக்கப் போனார். அவருடைய தம்பி புல்லாங்குழல் விஸ்வநாதனும் அங்கேயே பல வருடம் கற்பித்தார். அப்படிப்பட்ட துறைகளுக்கு முழு மரபோடு அனுப்பலாம். மற்ற இடங்களில் கேட்பவர் ஒரு செல்லோ பேராசிரியராகவோ ஜாஸ் பியானிஸ்டாகவோ இருக்கலாம். காது நல்ல காதுதான், ஆனால் ராகத்தின் பெயர் அவருக்கு எதையும் சொல்லாது. இரண்டரை நிமிட ஆலாபனை, ஒரு கீர்த்தனையின் ஒரு பகுதி, பாய்ந்து வரும் சில ஆவர்த்தன ஸ்வரம் என்று அவருக்காகவே அமைத்துப் பாடினால் கற்பனை, நினைவாற்றல், லயம் மூன்றும் தெரியும். "இந்தப் பகுதி மேடையில் அந்த நேரத்தில் கற்பனையாகப் பாடப்படுவது" என்று ஒரே ஒரு வரி குறிப்பில் எழுதுங்கள். அந்த ஒரு வரி ஜாஸ் பியானிஸ்டை நிமிர்ந்து உட்கார வைக்கும். பழைய கச்சேரிப் பதிவில் இப்படியெல்லாம் அமைத்துக்கொள்ள வழியில்லை.

அது வெல்லும் இடமும் உண்டு. ஆர்க்கெஸ்ட்ராவோடு தனி வாசிப்பு, நால்வர் குழு, பல்லவி பாடிய கச்சேரி என்று திரும்ப அமைக்கவே முடியாத நிகழ்ச்சி என்றால், ஒலி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அனுப்புங்கள். குழுவில் வாசித்திருந்தால் பிள்ளை எது என்று எழுத மறக்காதீர்கள். "இடமிருந்து இரண்டாவது" என்றால் போதும்.

## போனில், வீட்டில்

இப்போதைய போன்களின் மைக் மோசமில்லை. மோசம் அதன் புத்திசாலித்தனம்தான். மெல்லப் பாடினால் தானாக ஒலியைத் தூக்கும், உரக்கப் பாடினால் தானாக அமுக்கும். பேச்சுக்கு இது வசதி. இசையில் மாணவர் பாடுபட்டுக் கட்டிய ஏற்ற இறக்கம் முழுவதையும் இஸ்திரி போட்டுத் தட்டையாக்கிவிடும்.

இரைச்சல் நீக்கும் வசதி இன்னும் ஆபத்து. எங்கள் வீட்டில் முதலில் எடுத்த பதிவில் தம்புரா வந்து வந்து மறைந்தது. ஸ்ருதிப் பெட்டி கெட்டுவிட்டது என்று ஒரு மணி நேரம் அதைத் திருகிக்கொண்டிருந்தோம். அப்புறம்தான் புரிந்தது: விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பது எதுவோ அதை ஃபேன் சத்தம் என்று எடுத்துக்கொண்டு போன் துடைத்துப் போட்டிருக்கிறது. ஜூமில் பதிவு செய்தாலும் இதே தொல்லைதான். இசைக்காரர்களுக்கான அசல் ஒலி என்ற அமைப்பை அங்கே தேடிப் போட வேண்டும். போனிலும் இந்த வசதி இருந்தால் அணைத்துவிட்டு, அரை நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மறைமுகச் செலவு பியானோ பிள்ளைகளுக்குத்தான் அதிகம். அவர்களிடம் மின் கீபோர்டை அல்ல, நிஜப் பியானோவை எதிர்பார்ப்பார்கள். வீட்டுப் பியானோவை ட்யூன் செய்து இரண்டு வருடம் ஆகியிருந்தால் போனில் மிச்சம் பிடித்த பணம் ட்யூனருக்குப் போகும்.

போனின் பெரிய பலம், கணக்கில்லாத டேக்குகள். மைக்கைப் பார்த்தாலே விறைத்துப்போகும் பிள்ளை தினமும் சாதகத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பதிந்துகொண்டே வரலாம். மூன்றாவது வாரத்தில் போன் இருப்பதே மறந்துபோகும்.

## சின்ன ரெக்கார்டரும் நல்ல அறையும்

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கையடக்க ஸ்டீரியோ ரெக்கார்டர்கள், ஜூம் எச்1, டாஸ்காம் டிஆர்-05 போன்றவை, நூறு டாலரை ஒட்டிய விலையில் கிடைக்கும். (வீடியோ அழைப்பு ஜூமுக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான்.) போன் தானாகச் செய்கிற அத்தனையையும் இதில் அணைத்து வைக்கலாம். ஒலி அளவைக் கையால் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் மிக உரத்த இடத்தில் மீட்டர் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே ஆட வேண்டும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி கிழியும், பிறகு எந்த மென்பொருளாலும் தைக்க முடியாது. புதிய மாடல்கள் சிலவற்றில் 32 பிட் ஃப்ளோட் என்ற முறை இருக்கிறது, அதில் இந்தக் கவலையும் இல்லை.

ஆனால் ரெக்கார்டர் பாதிதான், மீதிப் பாதி அறை. நடுவில் நின்று கை தட்டிப் பாருங்கள். தட்டியதற்குப் பின்னால் ஒரு வெட்டுக்கிளிச் சிணுங்கல் கேட்டால் எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று அர்த்தம். அந்த அறை வேண்டாம், இல்லையென்றால் புத்தக அலமாரி, தடித்த போர்வை எதையாவது கொண்டு ஒரு சுவரை மூடுங்கள். உயரமான கூரையும் கம்பளமும் உள்ள சர்ச் ஹால் வயலினுக்கும் குரலுக்கும் அருமையாக இருக்கும். பள்ளியின் பேண்ட் ரூமை மறந்துவிடாதீர்கள். இசை ஆசிரியரிடம் கேட்டால் மாலையில் திறந்துவிடுவார், பல இடங்களில் நல்ல பியானோவும் உள்ளேயே இருக்கும், வாடகையும் கிடையாது. சலவைக்கல் தரை போட்ட கோவில் ஹால் மட்டும் வேண்டாம். எதிரொலியில் கல்பனாஸ்வரம் கஞ்சியாகிவிடும்.

மைக்கின் இடத்துக்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். குரலுக்கும் வயலினுக்கும் ஐந்து முதல் எட்டு அடி தள்ளி, வாசிப்பவரின் தலைக்குக் கொஞ்சம் மேலே தொடங்கிப் பாருங்கள். வீணைக்கு இன்னும் கிட்டப் போகலாம். மிருதங்கத்துக்கு நேர் முன்னால் வையுங்கள். வலந்தலை என்னும் வலப் பக்கம் சாய்த்தால் தொப்பி, அதாவது இடப் பக்கம், காணாமல் போகும். ஸ்ருதிப் பெட்டியை மைக்குக்கு எதிரே வைக்காமல் பாடுபவருக்குப் பின்னால் வைத்தால் அடிநாதமாக நிற்கும். ஏசியையும் ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு (திரும்பப் போடுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கிவிட்டு) ஆரம்பியுங்கள்.

வீடியோ கேட்டிருந்தால் போனை முக்காலியில் நிறுத்தி, கையும் முகமும் தெரியும்படி ஒரே கோணத்தில் எடுங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டல் போட்டால், அதை வைத்து ரெக்கார்டர் ஒலியை வீடியோவோடு பிறகு பொருத்திவிடலாம். சில ரெக்கார்டர்களை நேரடியாகப் போனில் மைக்காகவே செருகலாம், அப்போது பொருத்துகிற வேலையும் இல்லை. ஒலியைத் தனியாகச் சேர்ப்பதை விதி அனுமதிக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று உண்டு. வீட்டில் யாராவது ஒருவர் சவுண்ட் என்ஜினியர் ஆக வேண்டும். கற்றுக்கொள்ள இரண்டு சனிக்கிழமை போகும். அப்பா அந்த வேலையை எடுத்துக்கொண்டால் மூன்று சனிக்கிழமை, ஏனென்றால் நடுவில் புது மைக் ஒன்று வாங்கத் தோன்றும். வாங்க வேண்டாம்.

## ஸ்டுடியோ

மணிக்கு நூறு டாலரை எளிதாகத் தொடும் இடம். அதற்கு மேல் பியானோ துணை வாசிப்பவருக்கோ பக்கவாத்தியக்காரருக்கோ தனிச் சன்மானம், ஒத்திகைக்கும் சேர்த்து. பத்து நிமிட ஒலிக்கு மூன்று மணி நேரம் சாதாரணமாக ஆகும். மீட்டர் போட்ட டாக்சியில் உட்கார்ந்து பாடுவது போன்ற ஓர் உணர்வு. சில பிள்ளைகளை அது கூர்மையாக்கும், பலரை அவசரப்படுத்தும்.

கர்நாடக இசைக்கு வேறு எச்சரிக்கையும் தேவை. நம் இசையைக் கேட்டிராத என்ஜினியர் நல்ல எண்ணத்திலேயே மைக்கை வாயருகே வைத்து, எக்கோ போட்டு, சுருதி திருத்தும் மென்பொருளையும் தட்டிவிடுவார். அந்த மென்பொருள் ஒவ்வொரு ஒலியையும் பக்கத்தில் உள்ள நிலையான ஸ்வரத்துக்கு இழுக்கும். தோடியின் காந்தாரத்தை அதனிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் முழுவதும் அதற்குப் பிழைதான். மேற்கத்திய இசைக்கும் இந்தப் பூச்சு வேண்டாம். திருத்திய பதிவு விதிமீறல் ஆகலாம். விதி எப்படியிருந்தாலும், அனுபவமுள்ள காது கண்டுபிடித்துவிடும். ஒரு முறை சந்தேகம் வந்தால் மீதி ஒன்பது நிமிடத்தையும் சந்தேகத்தோடுதான் கேட்பார். முதலிலேயே சொல்லிவிடுங்கள்: எக்கோ வேண்டாம், திருத்தம் வேண்டாம், முழு டேக்குகள் மட்டும்.

ஸ்டுடியோ தன் விலைக்கு வேலை செய்வது கன்சர்வேட்டரி ப்ரீஸ்க்ரீனில். விதி நுணுக்கமாக இருக்கும், பியானோ துணை அவசியமாக இருக்கும், அதே உருப்படிகள் ஐந்தாறு பள்ளிகளுக்குப் போகும். அப்போது செலவு ஆறாகப் பிரிகிறது. அங்கும் மூடிய பூத்தைவிட, நல்ல பியானோ உள்ள சின்னக் கச்சேரி அரங்கை வாடகைக்கு எடுத்து என்ஜினியரை அங்கே வரவழைப்பதையே நான் விரும்புவேன்.

## ஒரே பார்வையில்

| | கச்சேரிப் பதிவு | போன் | ரெக்கார்டர், நல்ல அறை | ஸ்டுடியோ |
|---|---|---|---|---|
| பணம் | இல்லை | இல்லை | சுமார் 100 டாலர், ஒரு முறை | சில நூறு டாலர் |
| டேக் | ஒன்றே | எத்தனையும் | ஒரு மாலைக்கு ஐந்தாறு | நேரம் உள்ளவரை |
| மறைமுகச் செலவு | வெட்ட முடியாத நீளம் | தட்டையாகும் ஒலி, பியானோ ட்யூனிங் | கற்றுக்கொள்ளும் நாட்கள் | பக்கவாத்தியச் சன்மானம், பதற்றம் |
| விருப்பச் சப்ளிமெண்டுக்கு | அரிய நிகழ்ச்சி என்றால் | பரவாயில்லை | மிகப் பொருத்தம் | தேவையில்லை |
| ப்ரீஸ்க்ரீனுக்கு | விதிக்குப் பொருந்துவது அபூர்வம் | கடைசி வழி | போதும் | பல பள்ளிகள் என்றால் நல்லது |

## எந்த வீட்டுக்கு எது

இசை மேஜர் அல்ல, ஆனால் வெளி ஆசிரியர் "யாரு இது?" என்று கேட்டார்: ரெக்கார்டர். நவம்பர் 1 கெடுவுக்கு அனுப்புகிறவர்கள் ஆகஸ்ட் கடைசியிலேயே, பள்ளி சூடுபிடிக்கும் முன், எடுத்து முடிப்பது நல்லது.

கெடுவுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது: போன். இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டு, கம்பளம் போட்ட அறையில், ஏழெட்டு அடி தள்ளி வைத்து எடுங்கள். இந்த நேரத்தில் புதுக் கருவி வாங்கிப் பழகுவது வீண்.

கன்சர்வேட்டரியோ இரட்டைப் பட்டமோ: ஜூலியார்ட் போன்ற இடங்களுக்கு டிசம்பர் 1 கெடு, ஆடிஷன் குளிர்காலத்தில். கோடையிலேயே ரெக்கார்டரில் ஒத்திகைப் பதிவு எடுத்துக் கேட்டுத் திருத்திக்கொண்டு, அக்டோபரில் ஸ்டுடியோவிலோ அரங்கிலோ ஒரே நாள். இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் இங்கே சிக்கனம். தயாராகாமல் ஸ்டுடியோவுக்குள் போனால் மணிக்கு நூறு டாலர் கொடுத்து ஒத்திகை பார்ப்பதாக ஆகிவிடும்.

எந்த வழியில் எடுத்தாலும் வரிசையில் முதலில் வருவது பிள்ளையின் மிகச் சிறந்த உருப்படியாக இருக்கட்டும். கச்சேரி வழக்கப்படி வர்ணத்தில் தொடங்கி மெல்லச் சூடேற இங்கே நேரம் இல்லை. கேட்பவர் இரண்டாவது நிமிடத்திலேயே அடுத்த கோப்புக்குப் போய்விடலாம்.

லிங்க் கொடுக்கும் இடத்தில் ஒரு சின்ன விஷயம். யூடியூபில் ஏற்றினால் "பிரைவேட்" என்று வைக்காதீர்கள், கேட்பவருக்குத் திறக்காது. "அன்லிஸ்டட்" என்று வைக்க வேண்டும். பிரபலமான மேற்கத்திய உருப்படி என்றால் யூடியூபின் தானியங்கிச் சோதனை, பிள்ளை வாசித்ததையே வேறு யாருடைய ஒலித்தட்டோ என்று நினைத்துத் தடுத்துவிடுவதும் நடக்கிறது. நேராகக் கோப்பையே ஏற்ற இடம் கொடுத்தால் அதையே செய்யுங்கள். கொடுக்காவிட்டால், அனுப்புவதற்கு முந்தைய நாள், உங்கள் கணக்கில் நுழையாத வேறொருவர் போனில் அந்த லிங்கைத் தட்டி, கடைசி நொடி வரை ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.